இரவு விடுதிகளில் இளையோர் பாதுகாப்பு: அறிவுரை ஆடுபவருக்கா, இடத்தை நடத்துபவருக்கா?

கடலோடி (மான்செஸ்டர்), இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகள் வரும் செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்க வருகிறாள். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்த அன்று மாலையே அக்கா அழைத்து, "நைட் கிளப் பக்கம் போகமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிவிடு, மாமன் சொன்னால் கேட்பாள்" என்றார். வாங்கிவிடலாம். ஆனால் மாணவனாக இருந்தபோது இந்நகரின் இரவு விடுதி ஒன்றில் இரண்டரை ஆண்டுகள், முதலில் கோட்டுகளை வாங்கி வைக்கும் மேசையிலும் பிறகு பாரிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தச் சத்தியம் முதல் மாதத்தைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்வதைவிட, போகும் இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதே எனக்கு முடிந்த காரியம். அதற்காகவே இந்த இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு நல்லபடியாக முடிவதும் ஆம்புலன்ஸில் முடிவதும் இளைஞரின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் அதில் பெரும்பங்கு அந்த இடத்தை நடத்துபவரின் கையில் இருக்கிறது. இதை இந்நகரம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1980களின் இறுதியில் இங்கே புதிய நடன இசையும் எக்ஸ்டசி என்ற போதை மாத்திரையும் ஒன்றாகப் பரவின. மாத்திரை போட்டவர்கள் மது அதிகம் வாங்குவதில்லை என்பதால் பாரின் வருமானம் விழுந்தது. அதை ஈடுகட்டச் சில விடுதிகள் கழிப்பறைக் குழாய்களில் குளிர்ந்த நீரை நிறுத்திவிட்டு, பாட்டில் தண்ணீரை விலைக்கு விற்றன. காற்றோட்டமில்லாத கூடத்தில் மணிக்கணக்காக ஆடுகிறவருக்கு உடல் வெப்பம் ஏறுகிறது, குடிக்க நீர் இல்லை, உட்கார இடமில்லை. பிள்ளைகள் சுருண்டு விழுந்ததற்கு மாத்திரை பாதிக் காரணம் என்றால் பூட்டிய குழாய் மீதிக் காரணம். 1992இல் மான்செஸ்டரில் பாதுகாப்பான நடனத்துக்கென ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டது: இலவசக் குளிர்நீர், காற்றோட்டம், ஓய்வெடுக்கத் தனியறை, பயிற்சி பெற்ற ஊழியர். பத்தாண்டு கழித்து, 2002இல், பிரித்தானிய உள்துறை அமைச்சகமே இதே திசையில் வழிகாட்டி வெளியிட்டது. 2010 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்கும் விடுதிகள் கேட்பவருக்குக் குழாய்நீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது உரிமத்தின் கட்டாய நிபந்தனை.

ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சட்டம் வேண்டியிருந்தது. இதுபோல வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

தணிகைவேலன் (ஈரோடு)

தம்பி கடலோடி, முப்பத்தோரு ஆண்டு ஆசிரியராக இருந்தவன் என்பதால் சற்று வெளிப்படையாகவே எழுதுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். போதை மாத்திரை போட்டவனுக்குத் தண்ணீரும் ஓய்வறையும் ஏற்பாடு செய்து கொடுத்தால், போடலாம் என்று அனுமதி கொடுத்ததாகத்தானே அவன் எடுத்துக்கொள்வான்? உங்கள் அக்கா கேட்ட சத்தியத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. நீங்கள் சொல்லும் வழியில் அந்தத் தெளிவு கரைந்துபோகிறது. உண்மையிலேயே இடத்தைத்தான் திருத்த வேண்டும் என்றால், நள்ளிரவில் அதை மூடிவிடுவதே மிக எளிய திருத்தம்.

செவிலி மங்கை (லண்டன்)

தணிகை ஐயாவின் கேள்வி நியாயமானது. அதற்கு வருமுன், கடலோடி சொன்னதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. அந்தப் பாதி ஆபத்தானது. நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன்.

1995 நவம்பரில் எசெக்ஸ் பகுதியில் 18 வயதுப் பெண் ஒருவர் எக்ஸ்டசி சாப்பிட்டு இறந்தது இந்நாட்டையே உலுக்கியது. அது விடுதியில்கூட நடக்கவில்லை. வீட்டில் நடந்த பிறந்தநாள் கொண்டாட்டம். அப்பெண் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 7 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தார். "மாத்திரை போட்டால் தண்ணீர் குடி" என்ற பாதி அறிவுரை அந்நாளில் பரவலாகிவிட்டிருந்தது. அந்த மருந்து உடலில் நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோனைத் தூண்டுகிறது, சிறுநீர் பிரிவதில்லை. குடித்த நீரெல்லாம் இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைக்க, மூளை வீங்கிவிடுகிறது. ஆகவே இன்று நாங்கள் சொல்வது: ஆடுகிறவர் மணிக்கு அரை லிட்டர் அளவில், சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும், ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடக் குறைவு. குழாயைத் திறந்து வைப்பதோடு, எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த ஊழியரும் வேண்டும்.

ஐயா, அனுமதி கொடுப்பதாகிவிடாதா என்று கேட்டீர்கள். எங்கள் பிரிவுக்கு இரவு இரண்டு மணிக்கு வருகிறவர்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருபவர்கள், நண்பர்கள் பயந்துபோய் ஒரு மணி நேரம் தாமதித்துக் கொண்டுவந்தவர்கள். போலீஸ் வருமோ, வீட்டுக்குத் தெரியுமோ என்ற அச்சம். "குடித்திருக்கிறான், தூங்கட்டும்" என்று மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போன நண்பர்களும் உண்டு. வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் விழித்திருந்தால் போதும். இதைச் சொல்லிக் கொடுத்ததால் யாரும் அதிகம் குடித்ததாக நான் பார்க்கவில்லை.

ஒரு தகவலையும் சேர்க்கிறேன். கார்டிஃபில் தாடை, முக அறுவை மருத்துவரான ஜோனதன் ஷெப்பர்டு, தன்னிடம் வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீஸ் பதிவேட்டில் இல்லவே இல்லை என்பதைக் கண்டார். அடிபட்டு வருபவரிடம், பெயரை விட்டுவிட்டு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் அடிபட்டது என்பதை மட்டும் வரவேற்பு மேசையிலேயே கேட்டுப் பதிந்து நகராட்சிக்கும் போலீசுக்கும் கொடுத்தார்கள். எந்த விடுதி வாசலில், எந்த நேரத்தில் தகராறு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டபோது, வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 42 விழுக்காடு குறைந்ததாக 2011இல் ஆய்வு வெளியானது. உடைந்த பீர் கிளாஸ் முகத்தைக் கிழிப்பதைப் பார்த்துப் பார்த்து, எளிதில் உடையாத கெட்டிக் கண்ணாடியை விடுதிகள் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே.

நெறியாளர்

எந்தப் போதைப்பொருள் எங்கே கிடைக்கும், எவ்வளவு எடுக்கலாம் என்பது போன்ற குறிப்புகள் நீக்கப்படும். இதுவரை அப்படி ஒன்றும் இல்லை, தொடருங்கள்.

வெண்பனி (ஸ்டாக்ஹோம்)

நான் ஸ்டாக்ஹோமில் உணவகத்தோடு இணைந்த பார் ஒன்றில் பணியாற்றுகிறேன். தணிகை ஐயா எளிய திருத்தம் என்றார்; இந்த ஊரில் செய்தது எளிதாக இல்லை, ஆனால் பலித்தது.

ஸ்வீடன் சட்டப்படி, கண்ணுக்குத் தெரியும்படி போதையில் இருப்பவருக்கு மது ஊற்றக் கூடாது. சட்டம் இருந்தது, பின்பற்றினார்களா என்று பார்க்க, 1996இல் தொழில்முறை நடிகர்களைக் குடித்தவர்போல் தள்ளாட வைத்துப் பார்களுக்கு அனுப்பி பீர் கேட்கச் சொன்னார்கள். 5 விழுக்காடு முயற்சிகளில்தான் மறுப்பு வந்தது. அதன்பின் பார் ஊழியர்களுக்கும் வாசல்காவலர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி தொடங்கியது. உரிமம் வழங்கும் வாரியம், போலீஸ், விடுதிச் சங்கம் ஆகியவை ஒரே மேசையில் உட்கார்ந்தன. அதே நடிக்கும் சோதனையை 1999இல் மீண்டும் செய்தபோது மறுப்பு 47 விழுக்காடு; 2001இல் 70 விழுக்காடு. திட்டம் நடந்த பகுதியில் வன்முறைக் குற்றங்கள் 29 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டார்கள்.

பயிற்சியால் மட்டும் இது நடந்ததாக நான் நம்பவில்லை. "இந்த கிளாஸை ஊற்றினால் உரிமம் போய்விடும்" என்ற பயம் முதலாளிக்கு வந்தபிறகுதான், மறுக்கும் ஊழியரைத் திட்டுவதை அவர் நிறுத்தினார். முன்னர், மறுத்தால் விற்பனை குறைந்ததென்று எங்களுக்குத்தான் ஏச்சு. மறுப்பதற்கும் ஒரு கை பழக வேண்டும், கடலோடி அண்ணாவுக்குத் தெரிந்திருக்கும். நண்பர்கள் முன்னால் உரக்கச் சொன்னால் அவருக்கு அவமானம், நமக்கு அடி. மேசையின் ஓரத்துக்கு அழைத்து, "இப்போதைக்குத் தண்ணீரும் உருளைக்கிழங்கும் தருகிறேன், மது அப்புறம் பார்க்கலாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் சக ஊழியருக்குக் கண்காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர் நேரே அடுத்த முனைக்குப் போய் அங்கே வாங்கிவிடுவார்.

தணிகைவேலன் (ஈரோடு)

வெண்பனி எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் அதில் மறுப்பு இருக்கிறது. ஆனால் மூடும் நேரத்தைப் பற்றிய என் வாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் நியூகாசில் நகரில் 2008இல் விடுதிகளின் மூடும் நேரத்தை முன்கொணர்ந்தபோது அடிதடி கணிசமாகக் குறைந்தது என்று படித்திருக்கிறேன்.

கடலோடி (மான்செஸ்டர்)

உண்மைதான் ஐயா, அதை மறுக்க மாட்டேன். சிட்னியில் 2014 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி போய், அதிகாலை 1.30க்குப் பிறகு உள்ளே விடக் கூடாது, 3 மணிக்குப் பிறகு மது ஊற்றக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கிங்ஸ் கிராஸ் பகுதியில் தாக்குதல்கள் குறைந்தன. கூடவே இசை அரங்குகளும் சிறு கடைகளும் மூடப்பட்டன. நகரமே இறந்துவிட்டது என்ற குமுறலில், நகர மையத்தில் 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் அச்சட்டத்தை நீக்கினார்கள். நேரக் கட்டுப்பாடு வேலை செய்யும் என்பதில் நான் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் என் அக்கா மகள் போகப்போகிற ஊரில் கதவு அதிகாலை மூன்றுக்கோ நான்குக்கோதான் மூடும். அதை நானோ நீங்களோ மாற்ற முடியாது. அதற்கு முந்தைய ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கற்றச்சன் (மும்பை)

கட்டடத் தீப்பாதுகாப்பு என் தொழில். இவ்வளவு எழுதியும் ஒருவர்கூடக் கதவைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான இளைஞர்களைக் கொன்றவை மாத்திரையும் மதுவும் அல்ல, புகை.

2003 பிப்ரவரி 20, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் விடுதி: மேடை வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது, 100 பேர் இறந்தார்கள். 2004 டிசம்பர் 30, புவெனஸ் ஐரிஸின் க்ரோமான்யோன்: 194 பேர். 2013 ஜனவரி 27, பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ்: 242 பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 2015 அக்டோபர் 30, புக்கரெஸ்டின் கொலெக்டிவ்: 64 பேர். 2025 மார்ச்சில் வடக்கு மாசிடோனியாவின் கோச்சானியில் ஏறத்தாழ 60 பேர். நாடுகள் வேறு, கதை ஒன்றே. உள்ளே வாணம், கூரையில் எளிதில் எரியும் பொருள், போதாத வழி.

வழி ஏன் போதவில்லை என்பதைக் கேளுங்கள். க்ரோமான்யோனில் டிக்கெட் இல்லாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று அவசரக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். கிஸ்ஸில், குடித்ததற்கெல்லாம் அட்டையில் குறித்துக்கொண்டு வெளியேறும்போது பணம் கட்டும் முறை. ஓடிவந்தவர்களைக் காசு கொடுக்காமல் ஓடுகிறார்கள் என்று எண்ணி வாசல்காவலர்கள் முதலில் தடுத்தார்கள். தீ எரிகிறது என்ற செய்தி அவர்கள் காதுக்கு வரும் வழியே இல்லை. ஸ்டேஷனில் வேறு கதவுகளும் இருந்தன. ஆனால் மனிதர்கள் நுழைந்த வழியாகவே திரும்ப ஓடுவார்கள், முன்வாசலில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து அடைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறிகளில், புதிதாகக் கட்டும் எல்லா இரவு விடுதிகளிலும், 100 பேருக்கு மேல் கொள்ளும் பழைய விடுதிகளிலும் தானியங்கி நீர்த்தெளிப்பான் வேண்டும் என்று எழுதினார்கள்.

எங்கள் ஊரையும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பர் 29, கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி விடுதித் தீயில் 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கிடைத்த இடம் கழிப்பறை. வழி தெரியாமல் தண்ணீர் இருக்கும் இடம் பாதுகாப்பு என்று உள்ளே போயிருக்கிறார்கள். மூச்சுத் திணறி இறந்தார்கள். நுரைப்பஞ்சு எரியும் புகையில் சயனைடு வாயு உண்டு. அதில் நின்று யோசிக்க நிமிடங்கள் கிடைக்காது.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் இதைச் சொல்லுங்கள். உள்ளே போனவுடன், கோட்டைக் கொடுப்பதற்கும் முன்னால், நுழைந்த வாசல் அல்லாத இன்னொரு கதவைக் கண்ணால் பார்க்கட்டும்; அதன்முன் பீர்ப் பெட்டியோ நாற்காலியோ அடுக்கியிருந்தால் திரும்பி வந்துவிடட்டும். கூரைக்குக் கீழே யாராவது பொறி பறக்கும் மத்தாப்பைப் பாட்டிலில் செருகிக் கொண்டுவந்தால், அன்றைய ஆட்டம் அத்தோடு போதும். நானும் என் மனைவியும் கல்யாண மண்டபத்தில்கூட இதைச் செய்வோம்; உறவினர்கள் சிரிப்பார்கள்.

கயல் (லீட்ஸ்)

நான் இங்கே மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த இழையில் வயதில் சிறியவள் நானாகத்தான் இருப்பேன். கற்றச்சன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு, இரண்டரை ஆண்டுகளாக நான் போய்வரும் இடத்தின் இரண்டாவது கதவு எங்கே என்று யோசித்தேன். தெரியவில்லை.

பெண்களுக்குக் கதவு வேறு விதமாகவும் ஆபத்து. 2016இல் லிங்கன்ஷையரில் தொடங்கிய ஓர் ஏற்பாடு இன்று நாடு முழுவதும் இருக்கிறது: கூட வந்தவரால் தொல்லை என்றால், பாரில் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால், ஊழியர் புரிந்துகொண்டு பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டும். கழிப்பறைக் கதவில் சுவரொட்டி இருக்கும். சென்ற ஆண்டு ஒரு விடுதியில் என் தோழிக்காக நான் கேட்டேன். அந்த ஊழியர், "அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்யவில்லை" என்றார்! வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்ததாம். சுவரொட்டி ஒட்டியவருக்கு ஊழியருக்குச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை.

2021 இலையுதிர்காலத்தில், பானத்தில் மயக்க மருந்து கலப்பதும் ஊசி குத்துவதும் பற்றிய புகார்கள் பெருகியபோது, பல பல்கலைக்கழக நகரங்களில் மாணவிகள் ஓர் இரவு விடுதிகளைப் புறக்கணித்து வீட்டில் இருந்தார்கள். அதன்பின் கிடைத்தது பெரும்பாலும் கிளாஸுக்கு மூடி. மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதும் நாங்களே.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. தள்ளாடும் பெண்ணைக் குடித்துவிட்டாள் என்று முடிவுசெய்து பவுன்சர் வாசலுக்கு வெளியே விட்டுவிடுகிறார். அவளுடைய கோட்டும் கைப்பையும் உள்ளே, தோழிகள் உள்ளே, போனில் சார்ஜ் இல்லை, வெளியே குளிர். அவள் குடித்திருக்கலாம், அவளுக்கு யாராவது கலந்து கொடுத்திருக்கலாம். இரண்டிலும் அவளைத் தனியே தெருவில் விடுவதுதான் அந்த இரவின் மிக ஆபத்தான செயல். நல்ல இடங்களில் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, யாரோடு வந்தாள் என்று கேட்டு, அவர்களைத் தேடி அழைத்து வருகிறார்கள். ஓர் இடம் எப்படிப்பட்டது என்பதை நான் இப்போது இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

ஒலியன் (டொராண்டோ)

ஒலிப்பொறியாளன் என்பதால் சுருக்கமாக ஒன்று. 85 டெசிபல் ஒலியளவில் காதுக்குக் கேடின்றி 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி நேரம், 91இல் 2, இப்படியே 100இல் வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இசை அரங்குகளுக்கு வெளியிட்ட தரநெறி, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளவை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும், காதுச்செருகி கிடைக்க வேண்டும், அமைதியான இடம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. கணக்கு போட்டால் அந்த உச்சவரம்பே தாராளம் என்பது புரியும். காலையில் காதில் ரீங்காரம் கேட்டால், முந்தைய இரவு அளவை மீறியிருக்கிறது. ஸ்பீக்கருக்கு எதிரே நிற்காமல் இருப்பதும் ஒரு ஜோடிக் காதுச்செருகியும் போதும். பஞ்சு வேண்டாம், அது போதுமான அளவு தடுக்காது.

செவிலி மங்கை (லண்டன்)

தணிகை ஐயாவுக்கு நான் பாக்கி வைத்த பதில். நெதர்லாந்தில் 1992 முதல், மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் அரசுத் திட்டம் உண்டு. 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை பதித்த இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்றில், எக்ஸ்டசிக்குப் பதிலாக உயிர்க்கொல்லி அளவில் பி.எம்.எம்.ஏ. என்ற பொருள் இருப்பதை அங்கே கண்டுபிடித்து, தொலைக்காட்சி வரை எச்சரிக்கை செய்தார்கள். அதே மாத்திரை இங்கிலாந்துக்கு வந்தது; இங்கே அன்று அப்படி ஓர் ஏற்பாடு இல்லை; புத்தாண்டையொட்டி 4 பேர் இறந்தார்கள். அவர்களும் "வேண்டாம்" என்ற அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர்களே. 2024 ஜனவரியில்தான் பிரிஸ்டலில் உள்துறை உரிமத்தோடு தொடர்ந்து நடக்கும் முதல் சோதனை நிலையம் திறந்தது.

தணிகைவேலன் (ஈரோடு)

மங்கை அம்மா, படித்தேன். சோதித்துச் சொல்வது சரி என்று என் மனம் இன்னும் ஒப்பவில்லை, ஒப்பாமலே போகலாம். ஆனால் அந்த நான்கு பேரைப் பற்றிச் சொல்ல என்னிடம் பதில் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கயல் எழுதிய நாற்காலி விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கடலோடி, அந்தக் குழந்தை நள்ளிரவுக்குப் பின் தான் தங்கும் அறைக்குத் திரும்பப் பேருந்து உண்டா? இதை யாரும் கேட்கவில்லையே.

கடலோடி (மான்செஸ்டர்)

நல்ல கேள்வி ஐயா. அவள் தங்கப்போகும் இடத்துக்கு இரவுப் பேருந்து உண்டா, கடைசி வண்டி எப்போது என்று இன்று மாலை பார்த்து எழுதுகிறேன். அவளிடம் சத்தியம் வாங்க முடியாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்; இரண்டு நாள் பேசமாட்டார். காதுச்செருகி வாங்கிவிட்டேன். அவள் வந்த முதல் வாரத்தில் ஒரு பகல் பொழுதில் இரண்டு மூன்று விடுதிகளின் பின்பக்கத்தை நடந்து காட்டி, எந்தக் கதவு எந்தச் சந்தில் திறக்கிறது என்று காட்டலாமென்று இருக்கிறேன்.

கயல் (லீட்ஸ்)

பகலில் பார்ப்பது நல்லது அண்ணா, ஆனால் பகலில் எந்தப் பின்கதவும் காலியாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றுக்குப் பாருங்கள், குப்பைத்தொட்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். முதல் வாரமும் வேண்டாம். புதிய மாணவர்களுக்கான வாரத்தில் எல்லா இடமும் பிதுங்கி வழியும், ஊழியர்களும் புதியவர்கள். மூன்றாவது வாரம் அழைத்துப் போங்கள். நான் அன்று மான்செஸ்டரில்தான் இருப்பேன், அவள் விரும்பினால் நானும் வருகிறேன்.